திரும்பும் மின்சாரம்: கையால் கட்டும் கார்களின் கம்பி அமைப்பு

கொச்சித் துறைமுகத்தின் வாயிலுக்கு வடக்கே, மேற்கில் அரபிக் கடலும் கிழக்கில் காயலும் சூழ, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஒடுங்கிய தீவு வைப்பின். 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் அமைந்த பின்னர், எறணாகுளத்தின் மோட்டார் வாகனங்கள் படகுக்குக் காத்திராமல் இத்தீவுக்கு வந்து செல்கின்றன. ஆனால் இரும்புக்கும் செம்புக்கும் இவ்விடம் உகந்ததன்று. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அக்காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும் இயல்புடையது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையில் ஈரப்பதம் பெரும்பாலும் அந்த அளவைக் கடந்தே நிற்கிறது. ஆகவே மழைத்துளி படாத மறைவிடங்களிலும் உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று படிந்திருக்கும்.

தொழிற்சாலையில் செய்யப்படும் கார்கள் இத்தகைய காற்றைத் தாங்குமாறு முன்கூட்டியே சோதிக்கப்படுகின்றன. பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தில் வேறொரு எஞ்சினைப் பொருத்தியோ, குழாய்களை ஒட்டவைத்துப் புதுச் சட்டம் ஒன்றைச் செய்தோ, ஆர்வத்தின் காரணமாகக் கார் கட்டுபவர்களுக்கு அந்த வசதி இல்லை. எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் உடலின் வடிவுக்கும் மாதக்கணக்கில் உழைப்பவர்கள், மின் கம்பிகளை இறுதி வாரத்தில் இழுத்துக் கட்டிவிடுவதுண்டு. அப்போதும் மின்சாரம் விளக்கிற்குச் செல்லும் வழியைக் கவனிப்பவர் பலர். அது பாட்டரிக்குத் திரும்பும் வழியைக் கவனிப்பவர் சிலரே. இத்தகைய கார்களில் தோன்றும் கோளாறுகளில் பெரும் பகுதி அந்தத் திரும்பு வழியிலேயே பிறக்கிறது.

சட்டமே ஒரு கம்பி

மின்சாரம் ஒரு வட்டத்தில்தான் ஓடும். பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்படும் ஓட்டம் முழுவதும் மறு முனைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். தந்தித் தொழிலின் தொடக்க காலத்தில் இதற்கென இரண்டு கம்பிகள் இழுக்கப்பட்டன. 1838-இல் மியூனிக் நகரைச் சேர்ந்த ஸ்டைன்ஹைல் என்ற விஞ்ஞானி, ஒரு கம்பியை நீக்கிவிட்டு நிலத்தையே திரும்பு வழியாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். மோட்டார் கார்களிலும் இதே சிக்கனம் கையாளப்பட்டது. இங்கே நிலத்தின் இடத்தை எஃகுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. சட்டத்துடன் பிணைப்பதைப் பட்டறைகளில் இன்றும் ‘எர்த்’ கொடுப்பது என்றே சொல்கிறார்கள்.

பாட்டரியின் எதிர் முனை தடித்த கம்பியால் சட்டத்தோடு பிணைக்கப்படுகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே ஒரு கம்பி செல்கிறது. மின்சாரம் சட்டத்தின் வழியே திரும்பிவிடுகிறது. இதனால் செம்பும் எடையும் மிச்சமாகின்றன. 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் நேர் முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய பழங்காரைப் புதுப்பிப்பவர் இதை அறியாமல் இன்றைய மின்னணுக் கருவியைப் பொருத்தினால், அக்கருவி நொடியில் கெட்டுவிடக் கூடும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சட்டம் உண்மையிலேயே மின்கடத்தியாக இருக்க வேண்டும். கண்ணாடி இழையால் செய்த உடல் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் பொருத்தும் ஒவ்வொரு விளக்குக்கும் தனித் திரும்பு கம்பி தேவை. எஃகுச் சட்டமானாலும் அதன் மேல் பூசப்படும் பெயிண்டும், சூளையில் சுட்டு ஏற்றும் பொடிப்பூச்சும் மின்சாரத்தைத் தடுப்பவையே. அழகுக்காகவும் துரு பிடிக்காமலிருக்கவும் செய்த பூச்சின் மேல் போல்ட்டை முடுக்கினால், மின்சாரம் அந்தப் போல்ட்டின் மரைகளில் அகப்பட்ட ஓரிரு புள்ளிகளின் வழியாகவே செல்ல நேரிடும்.

பத்தில் ஒரு ஓம்

செம்புக் காது எஃகுச் சட்டத்தைத் தொடுமிடத்தில் உப்புநீர் புகுந்தால், அது சிறியதொரு மின்கலமாகவே மாறிவிடுகிறது. இரு உலோகங்களுள் எளிதில் கரைவது இரும்பே. ஆகையால் செம்பின் அடியில் இரும்பு அரிக்கப்படுகிறது. இடையில் துரு நிறைகிறது; செம்பின் மேல் களிம்பு ஏறுகிறது. வெளிப் பார்வைக்கு இணைப்பு இறுக்கமாகவே தோன்றும். ஆயினும் அதன் மின் தடை உயர்ந்துகொண்டே போகும்.

உயர்வு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் 55 வாட் கொண்ட இரு முகப்பு விளக்குகள் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். இவ்விரண்டுக்கும் பொதுவான திரும்பு இணைப்பில் 0.1 ஓம் தடை தோன்றினால், 0.9 வோல்ட் அங்கேயே வீணாகும். இழை விளக்கின் ஒளி மின் அழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் தன்மையுடையது. ஆகவே இந்தச் சிறு இழப்பினால் ஒளியில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். மழை இரவில் சாலை சரியாகத் தெரியாததற்கு ஓட்டுநர் விளக்கையே குறை கூறுவார்; குற்றமோ விளக்குக்குப் பின்னால் உள்ள ஒரு போல்ட்டினுடையது.

எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரில் இந்நிலை இன்னும் கடுமையானது. அது 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். திரும்பு வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் இழப்பாகும்; 450 வாட் வெப்பம் அந்த ஓர் இணைப்பில் எழும். இது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியாகும்.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அது சட்டத்தைத் தொடுவதே இல்லை. எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் பின்னல் பட்டை விடுபட்டாலோ அரிக்கப்பட்டாலோ, ஸ்டார்ட்டரின் மின்சாரம் வேறு வழி தேடும். கிளட்ச் கம்பியோ ஆக்ஸிலரேட்டர் கம்பியோ எஞ்சினையும் உடலையும் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் அதன் வழியே திரும்பும். அம்மெல்லிய கம்பி சூடேறிப் புகைவதும், உறை உருகுவதும் அனுபவமிக்க மின் தொழிலாளர்கள் அறிந்தவையே.

பியூஸ் எதைக் காக்கிறது?

‘பியூஸ் இருக்கிறதே’ என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. பியூஸ் காப்பது விளக்கையன்று, கம்பியை. கம்பி தாங்கக்கூடிய அளவைவிட அதிக மின்சாரம் ஓடும்போது, கம்பியின் உறை எரிவதற்கு முன் பியூஸ் உருகி வட்டத்தைத் துண்டிக்கிறது. எனவே கம்பியின் பருமனைப் பார்த்துப் பியூஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பாட்டரிக்கு இயன்றவரை அருகில் வைக்கவும் வேண்டும். பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பே கிடையாது.

திரும்பு வழி கெடும்போது நேர்வது இதற்கு நேர்மாறானது. தடை மிகுவதால் மின்சாரம் கூடுவதில்லை, குறைகிறது. பியூஸ் உருகக் காரணமே எழாது. இணைப்பு மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும். சொந்தக் கையால் கட்டிய காரில் பியூஸ்கள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே கருகிய வாடை எழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

கம்பியின் பருமனும் இவ்வாறே கணக்கிடத்தக்கது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பியின் தடை, மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.017 ஓம். முன்சொன்ன 9 ஆம்பியர் அத்தகைய கம்பியில் 4 மீட்டர் ஓடினால் 0.6 வோல்ட் இழப்பாகும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.25 வோல்ட்டாகக் குறையும். போகும் கம்பிக்குச் செய்யும் இக்கணக்கைத் திரும்பும் கம்பிக்கும் செய்வதே முறை.

கணக்கிடும் கருவிகளின் வரவு

புதிய கார்களில் மின்சாரம் ஒளியும் விசையும் தருவதோடு நிற்பதில்லை, செய்தியையும் கொண்டுசெல்கிறது. எஞ்சினின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் அளக்கும் உணர்கருவிகள் பெரும்பாலும் 5 வோல்ட் அளவுக்குள் இயங்குகின்றன. அவற்றின் திரும்பு கம்பியை முகப்பு விளக்கின் திரும்பு இணைப்போடு சேர்த்துவிட்டால், அங்கு இழக்கப்படும் அரை வோல்ட்டும் அளவோடு கலந்துவிடும். கணிப்புக் கருவி பத்து சதவீதம் பிழையான செய்தியைப் பெறும். விளக்கைப் போட்டால் எஞ்சின் தடுமாறுகிறது என்ற வியப்பான புகாருக்கு விடை இதுவே. ஆகவே உணர்கருவிகளின் திரும்பு கம்பிகளைத் தனியே கொண்டுபோய்க் கணிப்புக் கருவியிலேயே சேர்க்க வேண்டும்.

கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் ‘கேன்’ என்னும் முறையை வெளியிட்டது. முறுக்கிய இரு கம்பிகளே இதில் எல்லாச் செய்திகளையும் சுமக்கின்றன. செய்தி அனுப்பும்போது ஒரு கம்பியின் அழுத்தம் 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். பெறும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டுமே பார்ப்பதால், வெளியிலிருந்து இரு கம்பிகளிலும் சமமாகப் புகும் இரைச்சல் கழிந்துவிடுகிறது. கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை வைக்கப்படுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடியின் தடை இல்லை, அல்லது கம்பி எங்கோ அறுந்துள்ளது என்பது பொருள். சட்டத்தை நம்பாமல் தன் வழியைத் தானே கொண்டுசெல்லும் முறை இது என்பது கவனிக்கத்தக்கது.

பந்தய மைதானம் தரும் பாடம்

கொச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் சென்றால் கோயம்புத்தூர் வருகிறது. கையால் கட்டிய பந்தயக் கார்களுக்குத் தென்னாட்டில் பெயர் பெற்ற ஊர் அது. மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதன் இவ்வூரைச் சேர்ந்தவர். 1995-இல் விமான விபத்தில் காலமானார். ஊருக்கு அருகேயுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. பொறியியல் மாணவர்கள் தாமே வரைந்து தாமே கட்டிய கார்களைக் கொண்டுவரும் ‘பார்முலா பாரத்’ போட்டிகள் இம்மைதானத்தில் நடைபெற்றுள்ளன.

பாட்டரியால் ஓடும் மாணவர் கார்களுக்கு இத்தகைய போட்டிகளில் விதிக்கப்படும் முறை, திரும்பு வழி பற்றிய சிந்தனை எவ்வளவு மாறிவிட்டது என்பதைக் காட்டும். சக்கரங்களை ஓட்டும் உயர் அழுத்த மின்சாரம் சட்டத்தை எங்குமே தொடக் கூடாது. போகவும் வரவும் அதற்கு ஆரஞ்சு நிற உறையிட்ட தனிக் கம்பிகள் உண்டு. சட்டத்துக்கும் அக்கம்பிகளுக்கும் இடையே காப்பு குறைகிறதா என்பதை ஒரு கருவி இடைவிடாமல் அளந்து, குறைந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. விளக்கு முதலியவற்றுக்கான தாழ் அழுத்த வட்டமே சட்டத்தோடு இணைந்திருக்கும்.

உலோகப் படகுகளைக் கட்டுவோர் நெடுங்காலமாகவே இவ்விதியை அறிந்தவர்கள். படகின் உடலைத் திரும்பு வழியாகப் பயன்படுத்தினால், வழி தவறிய மின்சாரம் நீரில் இறங்கி உலோகத்தையே கரைத்துவிடும். அதனால் படகில் போக ஒரு கம்பியும் வர ஒரு கம்பியும் வேண்டும். வைப்பினுக்கும் உயர் நீதிமன்றத் துறைக்கும் இடையே 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் பாட்டரிப் படகுகள் அலுமினிய உடல் கொண்டவை. உப்புநீரின் நடுவே மின்சாரத்தைக் கையாளும் கலை இத்தீவின் படகுத்துறையிலேயே நாள்தோறும் இயங்குகிறது. தீவின் கார் ஆர்வலர்களும் அதிலிருந்து இரண்டைக் கற்கலாம்: வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைப் பயன்படுத்துவது ஒன்று; ஒவ்வொரு கருவிக்கும் திரும்பு கம்பியைத் தனியே இழுத்து, ஈரம் புகாத இடத்தில் ஒரு செம்புப் பட்டையில் சேர்ப்பது மற்றொன்று.

சோதிக்கும் முறை

திரும்பு வழியை ஓம் அளவியால் சோதிப்பது பயனற்றது, 0.02 ஓமைச் சாதாரண அளவி காட்டாது. விளக்கை எரியவிட்டு, வோல்ட் அளவியின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர் முனையிலும், மறு முனையை விளக்கின் திரும்பு இணைப்பிலும் வைக்க வேண்டும். அளவி 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் வழி நன்று. அதற்கு மேல் ஏற ஏறக் குறை மிகுதி. அப்போது இணைப்பைக் கழற்றி, பூச்சை உலோகம் மின்னும் வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் இட்டு முடுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். கம்பியின் காதை ஈயப்பற்றால் மட்டும் பிடிக்கவைப்பதைவிட, தக்க கருவியால் நசுக்கிப் பொருத்துவது மேல். பற்று ஊறிய கம்பி விறைத்து, அதிர்ச்சியில் பற்று முடியும் இடத்தில் ஒடிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கார் பொதுச் சாலைக்கு வரலாமா என்பது வேறு கேள்வி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது. தனியார் மைதானத்தில் மட்டும் ஓடும் காரானாலும், இயற்கையின் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கில்லை. ஓட்டுபவர் அமர்ந்திருப்பது பெட்ரோல் தொட்டிக்கும் பாட்டரிக்கும் இடையில். கம்பி வரைபடத்தில் போகும் கோடுகளுக்குச் சிவப்பு மையிட்டால், திரும்பும் கோடுகளையும் விடாமல் கறுப்பு மையால் வரைந்து, ஒவ்வொன்றும் பாட்டரியில் வந்து முடிகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும்.