சினை ஊசிக் குளிரில் ஓடும் கணினி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்குச் சினை ஊசி புதிதல்ல. கால்நடை மருந்தகத்தில் ஒரு கேனின் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழியும். உள்ளேயிருந்து உறைவிந்துக் குச்சியை இடுக்கியால் எடுப்பார் மருத்துவர். அந்தக் கேனில் இருப்பது திரவ நைட்ரஜன். அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். கணினி வேகத்தில் உலக சாதனை படைப்பவர்கள் கையில் எடுப்பதும் இதே திரவத்தைத்தான்.

கணினியின் பிராசசரை, அதைத் தயாரித்த நிறுவனம் குறித்த வேகத்துக்கும் மேலே ஓட்டுவது ஓவர்கிளாக்கிங். வேகம் கூடினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். பிராசசர் சில்லில் பிறக்கும் வெப்பமோ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் மாறாவிட்டாலும், மின்னழுத்தம் 10 சதவீதம் கூடினாலே வெப்பம் 21 சதவீதம் கூடிவிடும். சூடேறிய சில்லில் மின்கசிவு அதிகமாகும். அந்தக் கசிவே மேலும் சூட்டைக் கிளப்பும். கடுங்குளிர் இந்தச் சுழலை அறுக்கிறது. கூடவே மின்தடையும் குறைகிறது. திரவ நைட்ரஜனின் குளிரில் தூய செம்பின் மின்தடை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இதற்காக மின்விசிறியைக் கழற்றிவிட்டு, சில்லின் மேல் ஒரு செம்புக் குவளையைப் பொருத்தித் திரவத்தை ஊற்றுவார்கள். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உருண்டோடுவதுபோல, திரவம் முதலில் தன் ஆவிப்படலத்தின் மேல் மிதக்கும். செம்பு நன்கு குளிர்ந்த பிறகே அதில் படிந்து வெப்பத்தை வாங்கும். 400 வாட் வெப்பம் உமிழும் சில்லுக்கு ஒரு லிட்டர் திரவம் ஏழு நிமிடம்கூடத் தாங்காது. காற்றின் ஈரம் மின்சுற்றுப் பலகையில் பனியாகப் படிந்து ஷார்ட் சர்க்யூட் ஆகாமலிருக்க வாசலைன் பூசுவதும் உண்டு.

2014-இல் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-8370 பிராசசர், திரவ நைட்ரஜன் உதவியால் 8.72 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியத்தைக் கொண்டு, சுவீடனைச் சேர்ந்த ஓவர்கிளாக்கர் எல்மோர் 2023-இல் இன்டெல் பிராசசரை 9 கிகாஹெர்ட்ஸுக்கும் மேலே ஓட்டினார். இந்த வேகங்கள் சிறிது நேரமே நிற்கும். அன்றாட வேலைக்கு இந்த முறை உதவாது. ஆனாலும் ஒரு சில்லின் உண்மையான எல்லை எதுவென்று இவை காட்டிக்கொடுக்கின்றன.

ஆபத்தும் சிறியதல்ல. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, மூடிய அறையில் ஆக்சிஜனை விரட்டிவிடும். மூச்சுத்திணறப் போவது முன்கூட்டித் தெரியாது. தோலில் பட்டால் தசை உறைந்துபோகும். எனவே மாணவர்கள் யாரும் இதை வீட்டில் முயலக் கூடாது.

ஆனால் பார்த்துப் படிக்கலாம். தஞ்சை மாவட்டம் ஈச்சங்கோட்டையில் அரசின் உறைவிந்து நிலையமே இயங்குகிறது. சுவர்களுக்கிடையே வெற்றிடம் வைத்த கேன், வெயில் கொளுத்தும் நம் ஊர்களிலும் மைனஸ் 196 டிகிரியை வாரக்கணக்கில் காக்கிறது. அறிவியல் ஆசிரியர்கள் ஒருமுறையாவது மாணவர்களை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று, மருத்துவர் துணையோடு அந்தக் கேனைக் காட்ட வேண்டும். கடுங்குளிரின் இயற்பியலைக் கற்க வெளிநாட்டு ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை.