பலர் தொடும் கணினிக்கு யார் காவல்?

பிச்சாவரம் என்றதும் அலையாத்திக் காடும் படகுத் துறையும்தான் நினைவுக்கு வரும். அந்தக் காட்டை ஒட்டிய கிள்ளையிலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் வாழும் மீனவர், இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றோ வருமானச் சான்றோ வேண்டுமானால், இன்று விண்ணப்பம் கணினி வழியாகத்தான் போகிறது. சொந்தக் கணினி இல்லாதவர்களுக்கு இ-சேவை மையம், பள்ளி ஆய்வகம், நூலகம் என்று ஏதோ ஒரு பொதுக் கணினிதான் கதி. இப்படிப் பலர் தொடும் கணினியில் யாரும் கவனிக்காமல் விடுவது லாகின் திரையை. சுவிட்சைப் போட்டதும் எதுவும் கேட்காமல் நேராக உள்ளே போகும்படி வைத்துவிட்டால் வேலை சுலபம் என்று நினைக்கிறோம். பொதுக் கணினியில் முதலில் மாற்ற வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.

லினக்ஸ் ஓடும் கணினியில் அதை எப்படி மாற்றுவது என்று பார்ப்போம். லினக்ஸ் இயங்குதளம் நமக்குப் புதிதல்ல. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். லினக்ஸில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் அந்தத் திரை ஒரு தனி நிரல். லாகின் மேனேஜர் என்பார்கள். கொடுத்த பாஸ்வேர்டு சரியா என்று சோதிக்கச் செய்வதும், சரியென்றால் அந்த ஆளின் பெயரில் டெஸ்க்டாப்பைத் திறந்துவிடுவதும் அதன் வேலை. ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் என்று இன்று பல உண்டு. இவற்றுக்கெல்லாம் மூத்தது 1988-இல் கீத் பேக்கார்ட் எழுதிய எக்ஸ்டிஎம். பலர் பயன்படுத்தும் பல்கலைக்கழகக் கணினிகளின் காலம் அது. திரைக்கு முன் இப்போது உட்கார்ந்திருப்பவர் யார் என்ற கேள்வி அப்போதே இந்த நிரலின் அடிப்படை.

அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் நடப்பது இதுதான்: ஒருவர் ஆதாரையும் குடும்ப அட்டையையும் ஸ்கேன் செய்து விண்ணப்பித்துவிட்டுப் போகிறார். அந்தப் படங்கள் டவுன்லோட்ஸ் அடைவிலேயே கிடக்கின்றன. மின்னஞ்சலும் மூடப்படாமல் இருக்கிறது. அடுத்து உட்காருபவருக்கு அத்தனையும் திறந்த வீடு. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்தால் ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதபடி லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ் அனுமதி முறையே தடுக்கும். ஆனால் லாகின் திரை மட்டும் போதாது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 21.04 பதிப்பு வரும்வரை, ஒருவரின் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவை மற்றவர் திறந்து படிக்கலாம் என்பதே இயல்பான அமைப்பு. பழைய பதிப்பு ஓடும் இடங்களில் இந்த அனுமதியையும் சேர்த்துத் திருத்த வேண்டும். லைட்டிஎம்மில் மாற்றம் செய்வது பெரிய வித்தை அல்ல. அதன் அமைப்புக் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் 'ஆட்டோலாகின்-யூசர்' என்று தொடங்கும் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் தானியங்கி நுழைவு நின்றுவிடும். 'கிரீட்டர்-ஹைட்-யூசர்ஸ்' என்பதை இயக்கினால் பயனர் பெயர்ப் பட்டியல் திரையில் தெரியாது.

எப்போதாவது ஒரு முறை வருகிற முதியவர் பாஸ்வேர்டுக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருக்குக் கணக்கே வேண்டாம். விருந்தினர் அமர்வு போதும். உபுண்டுவின் லைட்டிஎம்மில் அப்படி ஒன்று இருந்தது: வெளியேறியதும் அதுவரை சேமித்த எல்லாம் அழிந்துவிடும். ஆனால் விருந்தினர் மற்றவர் கோப்புகளைத் தொடாதபடி அந்த அமர்வில் வைத்த தடுப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று 2017-இல் தெரியவந்து, அதை இயல்பிருப்பாக அணைத்துவிட்டார்கள். ஆகவே சரிபார்க்காமல் அதைத் திறந்துவிடக் கூடாது. வெளியேறும்போது தன் அடைவைத் துடைத்துக்கொள்ளும் தனிக் கணக்கு ஒன்றை வைப்பது இன்றைக்கு நம்பகமான வழி.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவி தன் கணக்கில் தமிழைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் லாகின் திரை ஆங்கிலத்திலேயே நிற்கலாம். லைட்டிஎம்மிலும் ஜிடிஎம்மிலும் அந்தத் திரை தனக்கென்று உள்ள வேறொரு பயனர் பெயரில் ஓடுவதே காரணம். அதற்கு மாணவியின் விருப்பம் தெரியாது. மொழியை ஒட்டுமொத்த அமைப்புக்கும் தமிழாக மாற்ற வேண்டும். தமிழ் எழுத்துருவும் நிறுவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இதைவிடச் சங்கடமானது விசைப்பலகை. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது ஆங்கில பாஸ்வேர்டை அடித்தால் திரையில் வெறும் புள்ளிகள்தான் வரும். சரியாக அடித்தும் தவறு என்கிறதே என்று பிள்ளைகள் பாஸ்வேர்டையே குறை சொல்வார்கள். எந்த விசைப்பலகை இயங்குகிறது என்று காட்டும் குறியை லாகின் திரையின் மேல்பட்டையில் வைக்க வழி இருக்கிறது. அது கண்டிப்பாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டுப் பெட்டிக்கு ஆங்கிலமே முதல் விசைப்பலகையாகவும் இருக்கட்டும்.

அமைப்புக் கோப்பில் கை வைத்தால் கணினி கறுப்புத் திரையோடு நின்றுவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவது வீண் பயம் அல்ல. ஒரு வரி பிசகினாலும் திரை வராமல் போகலாம். அப்போதும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்து முனையம் திறக்கும். மாற்றும் முன்பே அமைப்புக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவைத்திருந்தால், அதை அங்கிருந்து திரும்ப வைக்கலாம். அதைச் செய்துகாட்ட ஒரு பயிற்சி வகுப்பு போதும். கணினியை நிறுவிக் கொடுப்பவரே தானியங்கி நுழைவை நிறுத்தி, தமிழ்த் திரையை அமைத்து, அந்த நகலையும் எடுத்துவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கொள்முதல் நிபந்தனையிலேயே எழுதலாம். கிள்ளைப் பள்ளிக்கு வருகிற கணினிக்கும் சிதம்பரம் நூலகத்துக்கு வருகிற கணினிக்கும் அந்த நிபந்தனை ஒன்றாகவே இருக்கட்டும்.