பட்டுப்புடவையும் பழைய அசிட்டோனும்

காஞ்சிபுரத்துல பட்டு வாங்கினா கடைக்காரரே சொல்லிடுவார்: "தண்ணியில போடாதீங்க, டிரை கிளீனிங் கொடுங்க." அங்கே பல இடங்கள்ல தண்ணிக்குப் பதிலா பெர்க்ளோரோஎத்திலீன்னு ஒரு கரைப்பான். அழுக்கானதும் அதைக் கொட்டுறதில்லை. மெஷினுக்குள்ளேயே காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, அடுத்த புடவைக்கு எடுத்துக்கறாங்க.

காலேஜ் கெமிஸ்ட்ரி லேபிலும் இதைச் செய்யலாம். கண்ணாடிச் சாமான் கழுவின அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். நெருப்பு காட்டாமல், சுடுதண்ணித் தொட்டியில வெச்சு வடிச்சா மறுபடி கழுவத் தாராளமா போதும்.

சிக்கல் எங்கேன்னா, 'வேஸ்ட்'னு எழுதின ஒரே கேன்ல எல்லாத்தையும் ஊத்துறோம். அசிட்டோனும் ஹெக்ஸேனும் கலந்துட்டா ரெண்டும் சேர்ந்தே சுமார் 50 டிகிரியில ஆவியாகும்; சாதாரண வடிப்பில் பிரியாது. குளோரோஃபார்ம் சேர்ந்தா இன்னும் மோசம். கூடவே சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரி ஒரு காரம் இருந்தா, அசிட்டோனோட வினைபுரிஞ்சு வெடிக்கவே செய்யலாம்.

அதனால, என்னைக் கேட்டா முதல்ல வாங்க வேண்டியது பெரிய மெஷின் இல்ல. நாலு கேன், ஒரு மார்க்கர். பழைய ஈதரை மட்டும் நீங்களா காய்ச்சாதீங்க. அதில் பெராக்சைடு சேர்ந்திருக்கும், வத்த வத்த வெடிக்கும்.