சர்வரின் மறதி

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையேறியபோது, திருவள்ளூர் ஜில்லாவிலும் அண்டை ஜில்லாக்களிலும் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் பல தினங்கள் இருளில் கிடந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைப் போல, இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் நெருங்கி நிற்கும் ஓரிடத்தில் மின்சாரம் அவ்விதம் போய்த் திரும்பி வருமாயின், உலை சூடேறுவதற்கு முன்னரே விழித்துக்கொள்ள வேண்டியது, கணக்கறைக்குப் பின்னே ஏ.ஸி. அறையில் இருக்கும் சர்வர். அது விழித்துக்கொள்கிறது, பச்சை விளக்குகள் மினுக்குகின்றன, ஆயினும் வாசலிலுள்ள எடைமேடையில் ஏறி நிற்கும் லாரியின் எடை மட்டும் கணக்கறைக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். யாரும் எதையும் தொடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அது மெய்யே. பழி முழுவதும் புயலின் தலையில் விழும்.

உண்மையான பிழையோ ஆடி மாதத்திலேயே நடந்து முடிந்திருக்கும். எடைமேடைக் கம்ப்யூட்டருக்கென்று ஃபயர்வாலில் ஒரு வாசலைத் திறந்துவிட்ட ஊழியர், திரையில் எடை வந்ததும் திருப்தியடைந்து, திறந்ததை டிஸ்க்கில் எழுதிவைக்காமலே வீட்டுக்குப் போயிருப்பார்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், தனக்கு இடப்பட்ட கட்டளைகளை ராம் என்னும் நினைவகத்தில் ஏந்திக்கொண்டே வேலை செய்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966-இல் கண்டறிந்து 1968-இல் காப்புரிமை பெற்ற ‘டைனமிக் ராம்’ என்னும் வகையில், ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரில் தங்கிய மின்னூட்டமேயாகும். ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல் அது கசிந்துகொண்டே இருப்பதால், சாதாரணமாக 64 மில்லிசெகண்டுக்குள் மீண்டும் நிரப்பியாக வேண்டும். மின்சாரம் நின்றால் ஞாபகமும் போயிற்று. நம் ஓட்டல் சர்வர் எட்டுப் பேருடைய ஆர்டரை எழுதாமலே மனத்தில் ஏந்திச் சென்று பிசகாமல் பரிமாறுவதைக் கண்டு வியக்கிறோம். ஷிப்ட் மாறி அவர் புறப்பட்டுவிட்டால், ஐந்தாவது மேஜைக்கு ரவா தோசை சொல்லியிருந்தது யாருக்குத் தெரியும்?

லினக்ஸ் சர்வர்கள் பலவற்றிலுள்ள ‘ஃபயர்வால்டி’ இதில் ஒரு விசித்திரம் செய்கிறது. ‘பெர்மனென்ட்’ என்ற சொல்லைச் சேர்க்காமல் கட்டளையிட்டால் அக்கணமே பலித்து, அடுத்த துவக்கத்தில் மறைந்துவிடும். சேர்த்துக் கட்டளையிட்டாலோ, எழுதப்பட்டு நிலைத்திருக்கும், ஆனால் ‘ரீலோட்’ செய்யும்வரை பலிக்காது. ஆகவே அவசரக்காரர், சரியான வழியைப் பலிக்கவில்லை என்று கைவிட்டு, பலித்ததையே நம்பிப் போய்விடுகிறார்.

எழுதியும் நிலைக்காத சந்தர்ப்பங்களும் உண்டு. கண்ட்ரோல் பேனல் என்பது தன்னிடமுள்ள மூலத்திலிருந்து ஃபைல்களைப் புதிதாக நகலெடுத்து வைக்கும் குமாஸ்தா. நகலின் ஓரத்தில் நாம் பென்சிலால் திருத்தியது, மறு நகல் வந்ததும் காணாமற் போவதில் ஆச்சரியமென்ன? இதைவிடக் கபடமானது ஒன்று: பிஎச்பி மொழி, ஒரே படிவத்தில் வரும் 1000 விவரங்களுக்கு மேற்பட்டவற்றை, வரம்பை உயர்த்தினாலொழிய, ஏற்பதில்லை, எஞ்சியவற்றைத் தள்ளிவிட்டதை லாக் ஃபைலில் மட்டும் முணுமுணுக்க, திரையோ ‘சேமிக்கப்பட்டது’ என்று மங்களம் பாடிவிடும். திரை சொல்வதைக் காட்டிலும் ஃபைலின் தேதியைப் பார்ப்பதே மேல். நேற்று மாற்றியதாகச் சொல்லும் ஃபைல் போன மாதத் தேதியைத் தாங்கி நின்றால், அங்கே எழுத்து விழவேயில்லை.

தம் சர்வர் நானூறு நாட்களாக நிறுத்தப்படவேயில்லை என்று பெருமை பேசுவோரைக் கண்டால் எனக்குச் சற்று அச்சமே உண்டாகிறது. பரீட்சிக்கப்படாத ஞாபகம் அது. ஆயுத பூஜையன்று ஆலையின் யந்திரங்களெல்லாம் துடைக்கப்பட்டு, நின்று இளைப்பாறி, சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. சர்வர் மட்டும் பொட்டு வைத்துக்கொண்டே ஓடுகிறது. அன்று அதையும் ஒருமுறை நிறுத்தி எழுப்பி, காலி லாரியொன்றை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால், கணக்கறைத் திரையில் எண் விழுகிறதா இல்லையா என்பது புயல் மாதம் பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.