அடைத்து வளர்க்கும் கோழிக்கு எதைக் கொடுப்பது?

ஊரில் நாம் கோழிக்குப் பெரிதாகத் தீன் போட்டதில்லை. காலையில் ஒரு பிடி குறுணல் எறிவோம். மிகுதியைக் கோழியே தேடிக்கொள்ளும். சூடடித்த களத்தில் சிந்திய நெல், சாணக் குவியலில் புழு, வேலியோரத்தில் புல், புற்றில் கறையான் என்று எல்லாம் அதற்குக் கிடைத்தன.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லாமற் போயிற்று. வளவு சிறியது. பக்கத்தில் மற்றவரின் வெங்காயப் பாத்தி. கோழி போய்க் கிளறினால் அயலவரோடு மனத்தாங்கல். ஆகவே கூட்டில் அடைக்கிறோம். சில வாரங்களில் முட்டை குறைகிறது. ஓடில்லாத தோல் முட்டை இடுகிறது. சில கோழிகள் தம் முட்டையைத் தாமே கொத்திக் குடிக்கின்றன. கிழடாகிவிட்டது என்று விற்றுவிடுகிறோம். பிள்ளைகளுக்குக் கிடைத்த முட்டையும் அதோடு போய்விடுகிறது.

பல வேளைகளில் இதற்குக் காரணம் தீனிதான். அடைபட்ட கோழி முன்பு தானே தேடிய சத்துக்களை இப்போது நாம் தேடிக் கொடுக்க வேண்டும்.

சிப்பி ஓடு

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. 100 கிராம் தவிட்டில் இருப்பதோ ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்களவு மட்டுமே. இந்தக் குறையைத் தீர்ப்பது எமது கரையோரத்தில் எளிது. களப்போரத்துச் சிப்பி ஓடுகளைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, காயவைத்து, உரலில் இட்டு அரிசியளவாக இடியுங்கள். மாவாக இடிக்க வேண்டாம். முட்டை ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. சிறு துண்டுகள் கோழியின் வயிற்றில் மெல்லக் கரைந்து இரவிலும் உதவும்.

இதைத் தீனியோடு கலக்காமல் தனிச் சிரட்டையில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவையான அளவைத் தானே தின்னும். குஞ்சுகளுக்குக் கொடுக்கக் கூடாது. மிகையான கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கருவாட்டுக் கழிவு

மீன் தலையும் முள்ளும் நல்ல புரத உணவு. ஆனால் கருவாட்டில் உப்பு மிகுதி. அதிக உப்பு தின்ற கோழி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீராகப் போகும், இறந்தும் போகலாம். கிணற்று நீரும் உவர்ப்பாக இருந்தால் ஆபத்து கூடும். எனவே கழிவை இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, இடையில் இரண்டு தடவை நீரை மாற்றி, அவித்துக் காயவைத்து இடித்துக் கொடுங்கள். அளவு கூடினால் முட்டையில் மீன் வாடை வீசும்.

கறையானும் கொடுக்கலாம். பழைய பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் திணித்துப் புற்றின்மேல் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கறையான் ஏறியிருக்கும்.

பச்சை இலை

அரிசியிலும் தவிட்டிலும் விற்றமின் ஏ இல்லை. அது குறைந்தால் கண் வீங்கி நீர் வடியும். முருங்கை, கங்குன், பொன்னாங்காணி ஆகியவற்றில் ஒன்றைப் பிடியாகக் கட்டி, கோழியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் எச்சம் படும்.

பத்துக் கோழிக்கு ஒரு நாள் தீனி

குறுணல் 400 கிராம், தவிடு 300 கிராம், தேங்காய்ப் புண்ணாக்கு 150 கிராம், உப்பு நீக்கிய மீன் கழிவு 50 கிராம். இதற்குமேல் உப்புச் சேர்க்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும், அதை எறிந்துவிடுங்கள். இரண்டு லீற்றருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் நிழலில் இருக்க வேண்டும்.

முடிந்தால் பொழுதுபடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் கோழிகளைத் திறந்துவிடுங்கள். இருட்டுமுன் கூடு திரும்ப வேண்டியிருப்பதால் அவை தூரம் போகமாட்டா. கண் வீக்கம், வெள்ளைக் கழிச்சல், கழுத்துத் திருகல் கண்டால் தீனியை மாற்றிப் பார்த்துக் காத்திராமல் கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். ராணிக்கெற் நோய்க்கு முற்கூட்டியே தடுப்பூசி போடுவதே வழி.

கோழியை விற்கத் தீர்மானிக்குமுன் ஒரு மாதம் இப்படிக் கொடுத்துப் பாருங்கள். செலவு பெரிதல்ல, வேண்டியவற்றுள் பாதி எமது கரையிலும் வேலியிலுமே இருக்கின்றன.