டிசைன் திங்கிங்கா? புதுக்கோட்டை அதை 1991-லேயே செஞ்சு காட்டிருச்சே!

டிசைன் திங்கிங்னு சொன்னாலே கலர் கலரா ஸ்டிக்கி நோட், ஏசி ரூம், ஐ.டி கம்பெனிதான் ஞாபகத்துக்கு வரும். மேட்டர் ரொம்ப சிம்பிள். யாருக்காகத் திட்டம் போடுறோமோ, அவங்க இடத்துல நின்னு சிக்கலைப் பார்க்கணும். சின்னதா ஒரு தீர்வை முயற்சி பண்ணி, சொதப்பினா மாத்தணும்.

1991-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் செய்தது இதைத்தான். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு சைக்கிள் பழகுவதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். ஏன்? உள்ளடங்கிய கிராமங்களுக்குப் பெண் தொண்டர்கள் போய்ச் சேர்ந்தால்தானே சிலேட்டுக்கே வேலை! சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தாங்க. முன்னாடி பார்ல குழந்தையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. டிசைனருக்கே தோணாத ஐடியா!

தொடக்கப் பள்ளியில் இதுக்கு நெருக்கமான உதாரணம், செயல்வழிக் கற்றல். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், ஆந்திராவின் ரிஷி வேலி முறையை 13 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார். கரும்பலகை, பிள்ளைகளின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியர் பாயில் அவங்களோடு உட்கார்ந்தார். ஏணிப்படியைப் பார்த்து, தனக்கான அட்டையைப் பிள்ளையே எடுத்தது. அறுவடை, திருவிழானு பத்து நாள் லீவு போட்ட பிள்ளையும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'எல்லாரும் 32-ம் பக்கம் எடுங்க' வகுப்பில் இது நடக்காது.

2007-08-ல் இது மாநிலம் முழுக்க, புதுக்கோட்டை கிராமங்களுக்கும் வந்தது. இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். சென்னையில் ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கே போய்ப் பார்த்துட்டு வந்து அட்டைகளை உருவாக்கினாங்க. மத்த ஊர்களுக்கு அட்டை ரெடிமேடா வந்துச்சு. கூடவே பயிற்சியும். தன் வகுப்புக்கு எது ஒத்துவரலைன்னு கண்டுபிடிச்சு மாத்துற உரிமை ஆசிரியருக்கு இல்லைன்னா, எவ்வளவு நல்ல முறையும் இன்னொரு சர்க்குலர்தான். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலைவாரியா பிரிக்குது. அதுக்கும் இதே கேள்வி உண்டு.

நீங்க ஆசிரியர் பயிற்சி படிக்கிறவரா? கற்பித்தல் பயிற்சிக்குப் போற முதல் நாள் பாடம் எடுக்காதீங்க. கடைசி வரிசைப் பிள்ளை பக்கத்துல தரையில உட்காருங்க. போர்டு தெரியுதா, டீச்சர் குரல் கேட்குதா, மத்தியானச் சோறுக்கு முன்னாடி எத்தனை மணிக்கு அந்தப் பிள்ளையோட கவனம் ஜன்னலுக்குப் போகுதுன்னு நோட்டில் எழுதுங்க. பாடத்திட்டக் குறிப்பை அதுக்கப்புறம் எழுதிக்கலாம்.