தீர்ந்த நோயும் தீராத சட்டமும்

மணமுறிவுக்குரிய காரணங்களாகச் சட்டம் எவற்றை ஏற்கிறது என்பது, அது எழுதப்பட்ட காலத்தின் அச்சங்களையும் சேர்த்தே காட்டும். அத்தகைய அச்சத்தின் எச்சமாக நீடித்த தொழுநோய் என்னும் காரணம், 2019 மார்ச் 1 முதல் இந்தியச் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டது.

பாலாற்றையொட்டி, ஆம்பூரைப் போலத் தோல் பதனிடும் தொழிலையும் காலணித் தொழிலையும் நம்பியிருக்கும் ஊர்களில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என மூன்று சமயத்தாரும் அருகருகே வாழ்ந்தாலும், அவர்களின் திருமணங்களை ஆள்பவை வெவ்வேறு சட்டங்கள். எனினும் தொழுநோயைக் கண்டு அவை மூன்றும் அஞ்சின. கணவருக்கு அந்நோய் இருந்தால் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்றது 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். 'கடுமையான, தீராத' தொழுநோய் மூன்றாண்டுகள் நீடித்திருக்க வேண்டும் என்ற 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 1976 திருத்தத்தில் அந்தக் கால வரம்பையும் கைவிட்டது. கிறித்தவர்களுக்கான சட்டமோ 2001இல் திருத்தப்பட்டபோதுதான் இரண்டாண்டு என்னும் வரம்புடன் இக்காரணத்தைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது.

இந்து திருமணச் சட்டம் பிறந்த அதே 1955இல்தான் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நரம்பு பாதிக்கப்பட்டு மடங்கிப்போன விரல்களுக்கு, வேறிடத்துத் தசைநாணை மாற்றிப் பொருத்தி, கவளம் எடுக்கும் ஆற்றலை மீட்டுத் தந்தார் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். விரல்கள் தாமாக உதிர்வதில்லை, சூடும் குத்தும் உணராததால் காயம்பட்டுப் புண்ணாகியே சிதைகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார்; மரத்த பாதங்களைக் காக்க மென்மையான ரப்பர் செருப்புகளும் உருவாயின. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் அதை முற்றிலும் குணப்படுத்துகிறது. அதற்குப் பிறகும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சட்டம் அதைத் தீராத நோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

2015இல் சட்ட ஆணையம் தன் 256ஆம் அறிக்கையில் இந்த அநீதியைச் சுட்டிய பின்னரே திருத்தம் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரியும் வழி இன்றும் திறந்தே உள்ளது; ஆனால் தொழுநோயைக் காட்டி ஒருவர் மட்டும் விலக முடியாது. தக்க காரணமின்றி இரண்டாண்டுகள் கைவிடப்பட்டால், இந்து திருமணச் சட்டப்படி மனு செய்யும் உரிமை கைவிடப்பட்டவருக்கே உண்டு. நோயுற்றவர் குற்றம் செய்தவரல்லர் என்பதை மருத்துவமனை முன்பே ஏற்றது. நீதிமன்றமும் இப்போது ஏற்கிறது. இனி ஏற்க வேண்டியது வீடு.